மறையும் கட்டடமும் மறையாத சுமையும்: கண்டலம விடுதியை முன்வைத்துப் பெருவிடுதிகளின் பேண்தகு வடிவமைப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெருவிடுதிகள் இயற்கைக்கு இசைந்தவையா என்பதை அவற்றின் தோற்றத்தைக் கொண்டோ அவை பெற்ற சான்றிதழைக் கொண்டோ மதிப்பிடும் போக்கு பரவலாக உள்ளது. இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே, கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வடிவமைப்பில் 1991 முதல் 1994 வரையிலான காலப்பகுதியில் உருவான கண்டலம விடுதியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்விடுதியின் உண்மையான சிறப்பு அது காட்டுக்குள் மறைந்து நிற்பதில் இல்லை. வரைபடம் தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்ட இடத்தேர்விலும், நிலத்தைக் குறைவாகத் தொடும் கட்டுமான முறையிலும் உள்ளது என்பது கட்டுரையின் முதற் கருத்து. மிகச் சிறந்த வடிவமைப்பும்கூட நீர், ஆற்றல், பருவம், சுற்றியுள்ள விடுதிகளின் கூட்டுச் சுமை ஆகிய வினாக்களுக்குத் தானே விடையாக முடியாது என்பது இரண்டாம் கருத்து. கேரளத்தின் நெடியத்துருத்து, தமிழ்நாட்டின் சீகூர்ப் பீடபூமி ஆகியவை ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பேண்தகு வடிவமைப்பு, பெருவிடுதி, கண்டலம, ஜெஃப்ரி பாவா, இடத்தேர்வு, பசுமைக் கட்டடச் சான்றிதழ், கூட்டுத் தாக்கம்.

முன்னுரை

தமிழில் கட்டடக்கலை பற்றிய ஆய்வுகள் பெரிதும் கோயிற்கட்டடங்களையும் அரண்மனைகளையும் மரபு வீடுகளையும் சார்ந்தே அமைந்துள்ளன. நம் காலத்தில் எழும் பெருங்கட்டடங்கள், குறிப்பாகக் கடற்கரைகளிலும் காட்டோரங்களிலும் மலைச்சரிவுகளிலும் எழும் சுற்றுலா விடுதிகள், திறனாய்வுக்குரிய பொருளாகப் போதிய அளவில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவற்றைப் பற்றிய எழுத்து ஒருபுறம் விளம்பரமாகவும் மறுபுறம் வழக்குச் செய்தியாகவும் பிரிந்து கிடக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே, ஒரு கட்டடத்தை அதன் நிலத்தோடும் நீரோடும் மக்களோடும் சேர்த்துப் படிக்கும் முறை தேவைப்படுகிறது.

பெருவிடுதி என்பது பெரிய வீடு அன்று. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள், நீச்சல் குளங்கள், சலவைக்கூடம், பெரும் சமையற்கூடம், பணியாளர் குடியிருப்பு, கழிவுநீர் நிலையம், சாலை, மின்தடம் என ஒரு சிற்றூரின் தேவைகள் அனைத்தும் அங்கு உள்ளன. ஆயினும் சிற்றூர் தன் நிலத்தின் வளத்துக்கேற்ப மெல்ல வளர்வது. விடுதியோ சில ஆண்டுகளில் முழு அளவில் வந்து இறங்குவது. மேலும், மக்கள் நாடிச் செல்லும் அழகிய இடங்கள் பெரும்பாலும் எளிதிற் சிதையும் இடங்களாகவே இருக்கின்றன. விடுதி எதைக் காட்டி விருந்தினரை அழைக்கிறதோ அதையே அழிக்கும் ஆற்றலும் அதனிடம் உண்டு. இம்முரண்பாட்டை எதிர்கொண்ட கட்டடங்களுள் கண்டலம விடுதி உலக அளவில் பேசப்படுவது. எனவே அதனை மிகச் சிறந்த நிலையில் வைத்தே சோதிப்பது இத்திறனாய்வுக்குப் பொருத்தமாகிறது.

1. இடத்தேர்வு: வரைபடத்துக்கு முந்திய முடிவு

இலங்கையின் பண்பாட்டு முக்கோணம் எனப்படும் பகுதியில் சிகிரியா 1982ஆம் ஆண்டிலும் தம்புள்ளைக் குகைக்கோயில் 1991ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இவ்விடங்களைக் காண வருவோருக்காக ஒரு பெருவிடுதியை அமைக்க எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் முன்வந்தபோது, முதலில் கருதப்பட்ட இடம் சிகிரியாக் குன்றின் அடிவாரத்தை ஒட்டியிருந்தது. பாவா அவ்விடத்தை ஏற்கவில்லை. மாறாக, பல கிலோமீட்டர் தள்ளி, பழமையான கண்டலமக் குளத்தின் கரையிலிருந்த பாறைச்சரிவைத் தேர்ந்தார். அங்கிருந்து பார்த்தால் குளத்துக்கு அப்பால் தொடுவானத்தில் சிகிரியா தெரிகிறது.

இம்முடிவை வெறும் காட்சியழகு சார்ந்ததாகக் கொள்வது போதாது. அடிவாரத்தில் கட்டப்பட்டிருந்தால் குன்றின் பழமையான நீர்த்தோட்டங்களையும் அகழ்வாய்வுக்குரிய நிலத்தையும் ஒட்டி ஒரு சிற்றூர் எழுந்திருக்கும். குன்றைக் காண வரும் ஒவ்வொருவரின் கண்ணிலும் அவ்விடுதி பட்டிருக்கும். விலகிச் சென்றதால் மரபுச்சின்னம் தன் சூழலோடு எஞ்சியது. ஒரு விடுதி தான் கொண்டாடும் பொருளிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்னும் வினாவுக்கு இது ஒரு விடை. கட்டுமானப் பொருள், சாளரத்தின் திசை, மின்விளக்கின் வகை முதலிய பிற்கால முடிவுகள் எல்லாம் சேர்ந்தாலும் இவ்வொரு முடிவின் விளைவுக்கு ஈடாகா.

அதே வேளையில் இம்முடிவின் மறுபக்கமும் நோக்கத்தக்கது. சிகிரியாவின் அடிவாரம் காப்பாற்றப்பட்டது. கண்டலமக் குளக்கரை கட்டடத்தைப் பெற்றது. சுமை நீங்கவில்லை, இடம் மாறியது. தொல்லியல் சார்ந்த இழப்பைத் தவிர்க்கும் முடிவு, பாசனக் குளத்தின் நீர்ப்பிடிப்பைச் சார்ந்த புதிய இடர் ஒன்றை ஏற்றுக்கொண்டது. பாவாவின் இடத்தேர்வைப் போற்றும் எழுத்துகள் பெரும்பாலும் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றன.

2. நிலத்தைத் தொடும் முறை

கண்டலம விடுதி ஏறத்தாழ 150 அறைகளைக் கொண்டது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதன் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். பாறைமுனை ஒன்றைச் சுற்றி இரு சிறகுகளாக, சரிவின் வளைவைப் பின்பற்றிக் கட்டடம் செல்கிறது. குகைவாயில் போன்ற நுழைவு வழியே புகுந்து, இருண்ட நடைவழியைக் கடந்து வருபவர் முன்னால் குளம் திடீரென விரிகிறது. நடைவழிகளின் ஒருபுறம் பல இடங்களில் இயற்கையான பாறையே சுவராக நிற்கிறது.

இத்தகைய சரிவில் பெருங்கட்டடம் எழுப்ப வழக்கமாகக் கையாளப்படும் முறை, பாறையை வெடிவைத்துத் தகர்த்து, மண்ணை வெட்டி நிரப்பிச் சமதளம் உண்டாக்குவதாகும். அவ்வாறு செய்யும்போது மேல்மண் போகிறது. மழைநீர் ஓடிவந்த இயல்பான வழிகள் அடைபடுகின்றன. வெட்டப்பட்ட சரிவு பின்னர் ஒவ்வொரு பருவமழையிலும் அரிக்கப்படுகிறது. கண்டலமவில் கட்டடம் தூண்களின் மீது உயர்த்தப்பட்டு, பாறையின் மேலிருந்து வடியும் மழைநீர் கட்டடத்தின் அடியிற் புகுந்து குளத்தை நோக்கிச் செல்லுமாறு விடப்பட்டுள்ளது. நிலம் வெட்டப்படவில்லை என்பதை விட, நீரின் வழி மாற்றப்படவில்லை என்பதே இதன் முக்கியத்துவம். உலர்வலயத்தில் குளம் என்பது அதன் நீர்ப்பிடிப்பின் தொடர்ச்சி. நீர்ப்பிடிப்பின் ஓட்டம் தடைப்பட்டால் குளத்தின் கரையை எவ்வளவு காத்தும் பயனில்லை.

கட்டடத்தின் மெலிந்த நீண்ட வடிவமும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. நடைவழியின் ஒருபுறம் மட்டுமே அறைகள் அமைவதால் ஒவ்வொரு அறைக்கும் வெளிப்புறக் காட்சியும் வெளிச்சமும் கிடைக்கின்றன. திறந்த நடைவழிகள் இயற்கைக் காற்றோட்டத்திலேயே இயங்குகின்றன. பொதுவிடங்களைக் குளிரூட்டும் தேவை இதனாற் குறைகிறது. ஆனால் இவ்வடிவத்துக்கு விலையும் உண்டு. நீளம் கூடும்போது வெளிப்புறச் சுவரின் பரப்பும் குழாய், மின்கம்பி ஆகியவற்றின் நீளமும் பணியாளரின் நடையும் கூடுகின்றன. செறிந்த கட்டடம் நிலத்தை ஆழமாகக் காயப்படுத்திப் பொருளைச் சேமிக்கும். நீண்ட கட்டடம் பொருளைச் செலவிட்டு நிலத்தைக் காக்கும். இச்சரிவில் பின்னதே சரியான தேர்வு எனலாம். எனினும் அதனை எங்கும் பொருந்தும் விதியாக்க இயலாது.

3. கான்கிரீட் பற்றிய ஒரு சிக்கல்

உள்ளூர்ப் பொருள், மரபுத் தொழில்நுட்பம், சரிந்த ஓட்டுக்கூரை ஆகியவை இருந்தால் அக்கட்டடம் சூழலுக்கு இசைந்தது என்னும் எளிய சூத்திரம் ஒன்று வழங்குகிறது. 1960களின் இறுதியில் பாவா வடிவமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதி முதலிய அவரது முந்தைய படைப்புகளைக் கொண்டு இச்சூத்திரம் வலுப்பெற்றது. கண்டலம விடுதி இதனை மறுக்கிறது. இங்கு ஓட்டுக்கூரை இல்லை. தட்டையான கூரையின் மேல் மண்ணிட்டுச் செடிகள் வளர்க்கப்பட்டுள்ளன. கட்டடத்தின் எலும்புக்கூடு முழுதும் கான்கிரீட். அதன் முகப்பில் மரச்சட்டங்களும் அவற்றைப் பற்றிப் படரும் கொடிகளும் உள்ளன.

உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவதாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே கான்கிரீட்டைப் பசுமைப் பொருள் என்று கூற இயலாது. ஆயினும் இங்கு நிலத்தைச் சில புள்ளிகளில் மட்டும் தொட்டு, பல மாடிகளையும் கூரைத்தோட்டத்தின் ஈர மண்சுமையையும் தாங்கும் தூண்கள் அப்பொருளாலேயே கைகூடின. ஒரே அளவு அறைகளைத் தனித்தனிக் குடில்களாகக் கட்டியிருந்தால் ஒவ்வொரு குடிலும் மரபு வீடு போலத் தோன்றியிருக்கும். காடோ பாதைகளாலும் குழாய்களாலும் துண்டுபட்டிருக்கும். மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட பரவிய விடுதி, கான்கிரீட்டாலான செறிந்த விடுதியை விடக் கூடுதலான காட்டை அழிக்கக்கூடும். பொருளை அதன் அமைப்பிலிருந்து பிரித்து மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு இது சான்று.

கட்டடத்தின் ஆயுளும் இக்கணக்கில் சேர வேண்டும். மூன்று பதிற்றாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள கட்டடத்தில், கட்டும்போது செலவான கரியமில வாயு அத்தனை ஆண்டுகளுக்கும் பங்கிடப்படுகிறது. சில ஆண்டுகளில் பொலிவிழந்து மாற்றிக் கட்டப்படும் விடுதிகளோடு ஒப்பிடுகையில், முதுமையை ஏற்கும் வடிவமைப்பு ஒரு பேண்தகு பண்பாகும். மழைக்கறையும் பாசியும் கொடியும் கண்டலமவில் குறையாகத் தோன்றுவதில்லை; அவற்றை எதிர்பார்த்தே கட்டடம் அமைந்துள்ளது.

4. மறைதல் என்னும் அழகியல்

கண்டலம பற்றிய புகழுரைகளில் திரும்பத் திரும்ப வருவது, கட்டடம் காட்டுக்குள் மறைந்துவிடுகிறது என்னும் கூற்று. குளத்தின் எதிர்க்கரையிலிருந்து நோக்கும்போது பச்சைத் திரைக்கு அடியில் மாடிகளை இனங்காண்பது கடினம் என்பது உண்மையே. முகப்பின் கொடிகளைக் காட்டின் நீட்சியாகவே எண்ணிக் குரங்குகள் மாடங்களுக்கு வந்துசெல்கின்றன. மாடத்தின் கதவை மூடிவைக்குமாறு விருந்தினர் அறிவுறுத்தப்படுகின்றனர். லக்கி சேனாநாயக்க படைத்த பேராந்தைச் சிற்பம் மாடிப்படிகளின் மேல் சிறகு விரித்து நிற்பதும் இவ்வெண்ணத்தின் கலை வெளிப்பாடே.

ஆனால் கண்ணுக்கு மறைவதும் சூழலுக்குச் சுமையாகாதிருப்பதும் வேறு வேறு பண்புகள். பச்சைத் திரையின் பின்னால் அறைகள் குளிரூட்டப்படுகின்றன, சலவை நடைபெறுகிறது, நாள்தோறும் உணவுக் கழிவு சேர்கிறது, விருந்தினர் வானூர்தியிலும் பேருந்திலும் வந்து சேர்கின்றனர். கண்ணால் காணப்படாத கட்டடம் இவற்றையும் காணப்படாதவையாக்கிவிடும் இடர் உள்ளது. கண்டலமவின் வெற்றியைப் பின்பற்ற விரும்பிய பிற்கால விடுதிகள் பல அதன் கொடித்திரையையும் விளிம்பில்லா நீச்சல் குளத்தையும் எடுத்துக்கொண்டன. தூண்களுக்கு அடியில் ஓடும் மழைநீரை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டடத்தின் அறம் அதன் அடித்தளத்தில் இருக்க, அதன் முகமே படியெடுக்கப்பட்டது. இதற்குக் கட்டடம் பொறுப்பன்று எனினும், அதனைத் தோற்றத்தால் மட்டும் விளக்கிய திறனாய்வுக்கு இதில் பங்குண்டு.

விளிம்பில்லா நீச்சல் குளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் நீர்ப்பரப்பு கண்டலமக் குளத்தோடு ஒன்றாகத் தோன்றுமாறு அமைந்துள்ளது. பார்வையில் இரண்டும் ஒரே நீர். பயன்பாட்டில் ஒன்று வடிகட்டி, தூய்மைப்படுத்திப் பேணப்படும் பொழுதுபோக்கு நீர். மற்றொன்று வயலுக்குச் செல்லும் நீர். இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டும் அழகியல், அவற்றுக்கு இடையிலான உரிமை வேறுபாட்டையும் மறைத்துவிடுகிறது.

5. எதிர்ப்பைப் படித்தல்

விடுதித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது பௌத்த துறவிகளும் ஊர்மக்களும் சூழலியலாளரும் கடுமையாக எதிர்த்தனர். குளநீர் மாசுபடும், காடு அழியும், புனிதத்தலத்தின் அருகே அமையும் சுற்றுலா ஊர்ப்பண்பாட்டைச் சீர்குலைக்கும் என்பன அவர்களின் அச்சங்கள். கட்டடம் உலகப்புகழ் பெற்ற பின்னர் இவ்வெதிர்ப்பு ஒரு தவறான புரிதலாக, சிறந்த கட்டடக்கலைஞரின் நோக்கத்தை அறியாதோரின் கூச்சலாக நினைவுகூரப்படுவதுண்டு. அவ்வாறு கொள்வது நியாயமாகாது.

எதிர்த்தோரின் கைகளில் அன்று வரைபடமோ உறுதியான சட்டமோ இல்லை. இலங்கையின் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கு இடம் அளிக்கப்பட்டது. எனினும் எவ்வகைத் திட்டங்களுக்கு அது கட்டாயம் என்று வரையறுத்த ஒழுங்குவிதிகள் 1993ஆம் ஆண்டு சூன் மாதத்திலேயே வர்த்தமானியில் வெளியாயின. கண்டலமவின் வடிவமைப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எனவே குளநீர் பற்றி ஊரார் எழுப்பிய வினா, பின்னர் சட்டம் எழுப்பவிருந்த வினாவேயாகும். விடுதியின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்கு மறுபயனாவது இன்று அதன் பசுமைச் சிறப்புகளுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. எதிர்த்தோர் அஞ்சிய அதே இடத்திலேயே விடுதி தன் பெருமையையும் நாட்டிக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. விமரிசனம் ஒரு கட்டடத்தின் தரத்தை உயர்த்தும் ஆற்றல் கொண்டது. எதிர்ப்பில்லாத இடத்தில் எழும் விடுதிக்கு அத்தகைய நெருக்குதல் இல்லை.

6. நிலமும் பொழுதும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகக் கொள்கிறது. நிலத்தைப் பொழுதிலிருந்து பிரித்துக் காணாத இப்பார்வை, இன்றைய பேண்தகு வடிவமைப்புக் கோட்பாட்டில் காணப்படும் ஒரு குறையைச் சுட்ட உதவுகிறது. இக்கோட்பாடு நிலத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. பொழுதைப் பற்றி அரிதாகவே பேசுகிறது.

கண்டலம உலர்வலயத்தைச் சார்ந்தது. ஆண்டுக்கு 1,750 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் பகுதிகள் இலங்கையில் உலர்வலயமாக வகுக்கப்பட்டுள்ளன. அங்கு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. குளத்தின் நீர் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையே திட்டமிட்டுப் பங்கிடப்படுகிறது. சுற்றுலாவின் பொழுதோ வேறு. ஐரோப்பியக் கோடை விடுமுறையையொட்டி ஆகஸ்டு மாதத்தில் விருந்தினர் வருகை பெருகுகிறது. வயல் நீருக்காகக் காத்திருக்கும் அதே மாதத்தில் குளியலறைகளும் சலவைக்கூடமும் தோட்டமும் நீரை வேண்டுகின்றன.

ஆண்டுச் சராசரியாகக் கணக்கிடப்படும் நீர்ப்பயன்பாடு இம்மோதலைக் காட்டாது. ஆண்டு முழுதும் சிக்கனமாகத் தோன்றும் விடுதி, வறண்ட இரு மாதங்களில் தன் நீர்ப்பிடிப்பு தாங்கக்கூடியதை மீறிச் செலவிடலாம். ஆகவே ஒரு பெருவிடுதியின் அறை எண்ணிக்கை, நிலத்தின் பரப்பைக் கொண்டோ சந்தையின் தேவையைக் கொண்டோ முடிவாகாமல், மிக வறண்ட மாதத்தில் அவ்விடத்து நீர் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைக் கொண்டு முடிவாக வேண்டும். மழைநீர்ச் சேமிப்பின் கொள்ளளவு, கழிவுநீர் மறுபயனின் அளவு, தோட்டத்தில் வளர்க்கும் செடிவகை ஆகிய அனைத்தும் இவ்வொரு எண்ணிலிருந்து பின்னோக்கி வகுக்கப்படத்தக்கவை. இவ்வாறு தொடங்கும் வடிவமைப்பில் ‘எத்தனை அறைகள்’ என்னும் வினா வணிகத்துறையிடமிருந்து நீரியலாளரின் கைக்கு மாறுகிறது.

7. சான்றிதழ் அளப்பனவும் அளவாதனவும்

அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் சான்றினை அமெரிக்காவுக்கு வெளியே முதலிற் பெற்ற விடுதி என்று கண்டலம பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. லீட் முறையின் முன்னோட்டப் பதிப்பு 1998ஆம் ஆண்டிலேயே வந்தது; பாவாவின் பணியோ 1994இல் முடிந்துவிட்டது. புள்ளிகளைப் பெறுவதற்காக அக்கட்டடம் வடிவமைக்கப்படவில்லை. இடம், சரிவு, மழை, காற்று ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கியதன் விளைவுகளைப் பின்னர் வந்த ஓர் அளவுகோல் அங்கீகரித்தது. இன்று இவ்வரிசை தலைகீழாகியுள்ளது. முதலில் சான்றிதழின் படிநிலை முடிவு செய்யப்படுகிறது. அதற்கேற்ற புள்ளிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பின்னர் வடிவமைப்பு தொடங்குகிறது.

சான்றிதழ் முறைகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஆற்றல், நீர், கழிவு ஆகியவற்றை எண்ணாக மாற்றி, வாய்ச்சொல்லைச் சரிபார்க்கத்தக்கதாக்கியது அவற்றின் பெரும்பணி. எனினும் புள்ளிமுறையின் உள்ளமைப்பில் ஒரு குறை உண்டு. கட்டாய நிபந்தனைகளைத் தவிர்த்த ஏனைய கூறுகளில், ஓரிடத்தில் இழந்ததை வேறோரிடத்தில் ஈடுசெய்ய முடியும். இடத்தேர்வில் இழந்த புள்ளியைச் சூரிய மின்தகடு ஈட்டித்தரலாம். ஆனால் நிலத்தில் அத்தகைய ஈடுசெய்தல் நிகழ்வதில்லை. அடைபட்ட ஓடையைத் திறமையான மின்விளக்கு திறந்துவிடாது.

மற்றொரு குறை எல்லை பற்றியது. சான்றிதழின் அலகு ஒரு கட்டடம் அல்லது ஒரு வளாகம். சட்டங்களின் அலகும் அவ்வாறே. இலங்கையின் 1993ஆம் ஆண்டு விதிகளின்படி 99 அறைகளுக்கு அல்லது 40 எக்டேருக்கு மேற்பட்ட விடுதித் திட்டங்கள் மதிப்பீட்டு நடைமுறைக்கு உட்படுகின்றன. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன்அனுமதி தேவை. இத்தகைய வரம்புகளுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பல விடுதிகள் ஒரே குளத்தைச் சூழ்ந்தால், தனித்தனியே ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டதாகவும், சேர்ந்து குளத்துக்குத் தாங்கொணாததாகவும் இருக்கலாம்.

8. இரு ஒப்பீடுகள்: நெடியத்துருத்தும் சீகூரும்

மேற்கண்ட வரையறைகள் கோட்பாட்டளவில் நிற்பவையல்ல என்பதைத் தென்னிந்திய நிகழ்வுகள் இரண்டு காட்டுகின்றன.

முதலாவது, கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் உள்ள நெடியத்துருத்து என்னும் சிறுதீவில் எழுந்த காப்பிக்கோ விடுதி. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியதாகத் தொடரப்பட்ட வழக்கில், 2013ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றம் அதனை இடிக்க ஆணையிட்டது. 2020ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. 54 குடில்களைக் கொண்ட அவ்விடுதியை இடிக்கும் பணி 2022ஆம் ஆண்டு தொடங்கியது. காயலில் ஊன்றிவலை கட்டி மீன்பிடித்த மீனவர்கள் தங்கள் வாழ்வாதாரம் பறிபோனதாக முறையிட்டனர் என்பது இவ்வழக்கின் மையச் செய்தி. அக்குடில்களின் வடிவமைப்பு நன்றா தீதா என்னும் வினா நீதிமன்றத்தில் பொருளற்றுப் போயிற்று. இடம் தவறாயின் வடிவமைப்பு அதனை மீட்காது. கட்டும்போது ஒருமுறையும் இடிக்கும்போது மறுமுறையும் சூழல் சுமந்தது. நீண்ட பயன்பாடு காணாமலேயே கட்டுமானப் பொருள் இடிபாடாயிற்று. மூன்று பதிற்றாண்டுகள் பயன்பட்ட கண்டலமவின் கான்கிரீட்டோடு இதனை ஒப்பிட்டால், பொருளின் சூழற்செலவை முடிவு செய்வதிலும் இடத்தேர்வே முந்தி நிற்பது புலனாகும்.

இரண்டாவது, நீலகிரியின் சீகூர்ப் பீடபூமி. முதுமலையை ஒட்டிய இப்பகுதி யானைகளின் வலசைப் பாதையில் அமைந்தது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இங்கு யானை வழித்தடத்தை அறிவிக்கை செய்தது; 2018இல் உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி விடுதிகள் பல மூடி முத்திரையிடப்பட்டன; 2020ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று உச்சநீதிமன்றம் அறிவிக்கையை உறுதிசெய்து, தனிப்பட்டோரின் முறையீடுகளைக் கேட்க ஒரு குழுவை அமைத்தது. இங்கிருந்த விடுதிகள் பெரும்பாலும் சிறியவை. தனியே எடுத்தால் எதுவும் பெருவிடுதி அன்று. ஓட்டுக்கூரையும் மரத்தூணும் கொண்டவையும் அவற்றுள் உண்டு. ஆயினும் வேலியும் விளக்கும் வண்டிப்பாதையுமாக அவை அடுத்தடுத்து அமைந்தபோது, யானையின் பார்வையில் அனைத்தும் சேர்ந்து ஒரே சுவராயின. ஒரு வளாகத்துக்கு உள்ளே எவ்வளவு பசுமையாக நடந்துகொண்டாலும், வளாகத்தின் வேலியே தடையாகும் இடத்தில் அப்பசுமைக்குப் பொருளில்லை. அதே வேளையில், விடுதிகளின் உரிமையாளருக்கும் அங்குப் பணிபுரிந்த உள்ளூர் மக்களுக்கும் ஏற்பட்ட இழப்பும் மெய்யானதே. இடம் பற்றிய முடிவை முதலில் எடுக்கத் தவறிய அரசின் தாமதம் அவர்கள் மீதே இறங்கியது.

நெடியத்துருத்து இடத்தின் தவறு. சீகூர் கூட்டத்தின் தவறு. கண்டலம முதலாவதிலிருந்து பெருமளவு தப்பியது. இரண்டாவதிலிருந்து எந்தக் கட்டடமும் தனித்துத் தப்ப இயலாது. புகழ்பெற்ற விடுதி ஒன்று தன் சுற்றுவட்டாரத்தை மேலும் பல விடுதிகளுக்குரிய இடமாக அடையாளம் காட்டிவிடுகிறது. அதன் வெற்றியே அதன் நிலத்துக்கு அழுத்தமாகிறது. இதனைத் தடுக்கும் கருவி கட்டடக்கலைஞரிடம் இல்லை. குளம், காடு, வழித்தடம் ஆகியவற்றை ஒரே அலகாகக் கொண்டு தாங்குதிறனை வகுக்கும் பொதுத்திட்டமிடலிடம் மட்டுமே உள்ளது.

முடிவுரை

இத்திறனாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

• கண்டலம விடுதியின் பேண்தகு தன்மைக்கு அடிப்படை, சிகிரியா அடிவாரத்தை விலக்கிய இடத்தேர்வும் நீரின் வழியை மறிக்காத தூண் அமைப்புமாகும். கொடித்திரையும் கூரைத்தோட்டமும் அவற்றுக்குத் துணை நிற்பவை.

• கட்டுமானப் பொருளைத் தனியே எடுத்துப் பசுமையானது, பசுமையற்றது என வகுப்பது பொருந்தாது. அது காக்கும் நிலம், நீடிக்கும் ஆண்டுகள் ஆகியவற்றோடு சேர்த்தே அளக்கப்பட வேண்டும்.

• கண்ணுக்கு மறைதல் சூழற்சுமை இன்மைக்குச் சான்றாகாது. தோற்றத்தை மட்டும் போற்றும் திறனாய்வு, தோற்றத்தை மட்டும் படியெடுக்கும் கட்டுமானத்துக்கு வழிகோலுகிறது.

• பெருவிடுதியின் அளவை மிக வறண்ட பருவத்தின் நீர்நிலை முடிவு செய்ய வேண்டும். ஆண்டுச் சராசரி இதற்கு உதவாது.

• சான்றிதழும் அனுமதியும் தனிக்கட்டடத்தை அலகாகக் கொள்ளும்வரை கூட்டுச் சுமை அவற்றின் பார்வைக்கு வெளியிலேயே இருக்கும்.

கட்டலாமா, எங்கே, எவ்வளவு, எவ்வாறு என்னும் நான்கு வினாக்களும் இவ்வரிசையிலேயே கேட்கப்பட வேண்டியவை. இன்றைய நடைமுறை நான்காம் வினாவோடு தொடங்கி, அதற்குச் சிறந்த விடை கிடைத்தால் முதல் மூன்றும் தீர்ந்தன எனக் கொள்கிறது. கண்டலமவில் நான்காம் வினாவுக்கு ஒரு பெருங்கலைஞர் விடையளித்தார். இரண்டாம் வினாவுக்கும் அவரே பெரும்பாலும் விடையளித்தார். முதலாம் வினாவை எழுப்பியவர்கள் குளக்கரை மக்கள். மூன்றாம் வினா, அதாவது இந்நீர்ப்பிடிப்பு எத்தனை விடுதிகளைத் தாங்கும் என்பது, கண்டலமவுக்கு மட்டுமன்றித் தமிழகத்தின் கடற்கரைகளுக்கும் மலைகளுக்கும் இன்னும் விடைகாணப்பட வேண்டியதாகவே உள்ளது. நீரியல், சூழலியல், கட்டடக்கலை, சட்டம் ஆகிய துறைகளின் ஆய்வாளர் ஒருங்கிணைந்து ஒவ்வொரு நீர்ப்பிடிப்புக்கும் இவ்வெண்ணைக் கண்டறிவது இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த ஆய்வாகும்.